ஏழாம் இலக்க நாவலுக்கு எழுதிய குறிப்பு

நூல் வெளியீட்டு விழாக்களில் நயவுரை சொல்வதில் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் என்னை வெல்ல ஆளில்லை. பன்னிரண்டு வருஷத்தில் அறுபத்துமூன்று புத்தகங்களை மேடையேறிப் புகழ்ந்திருக்கிறேன். அவற்றில் முழுதாக வாசித்தது ஒன்பதோ பத்தோ இருக்கும்.

எங்கள் பக்கத்தில் புத்தகம் எழுதுகிறவர் தன் செலவில் அச்சடித்து, தானே மண்டபம் எடுத்து, தானே அழைப்பிதழும் கொண்டு திரிவார். விழாவில் முதற்பிரதியை ஒரு வர்த்தகர் வாங்குவார். ஓர் அரசியல்வாதி பிந்தி வந்து முந்திப் போவார். யாராவது ஒருவர் புத்தகத்தைப் பற்றி இருபது நிமிஷம் நல்லதாகப் பேச வேண்டும், அதுதான் நயவுரை. உயிரியல் படிப்பிக்கும் எனக்குக் குரல் நன்றாக இருக்கிறது என்று யாரோ கண்டுபிடித்த நாளிலிருந்து அந்த ஒருவர் நான்தான். புத்தகம் என் கைக்கு வருவது விழாவுக்கு முதல் நாள். ஒரு நாளில் முன்னூறு பக்கத்தை எந்த மனிதன் வாசிப்பான்? முன்னுரை, பின்னட்டை, நடுவில் விரல் போன இடத்தில் ஒரு பந்தி. இருபது நிமிஷத்துக்கு அது தாராளம். "இவரது கற்பனை நம் மண்ணில் வேர்விட்டு விண்ணில் கிளை பரப்புகிறது" என்ற ஒரே வசனத்தைப் பதினொரு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பதினொரு பேரும் கண் கலங்கிக் கைகொடுத்தார்கள்.

சென்ற வருஷம் எங்கள் வாசகர் வட்டம் ஒரு போட்டி வைத்தது. கடந்த மூன்று வருஷத்தில் சொந்தச் செலவில் அச்சான மாயப் புனைவு நாவல்களுக்கு மட்டும். எல்லாரும் அண்ணன் முறையில் காக்கா என்று அழைக்கும் செயலாளர் மீராசா பஸாரில் கொப்பி, பேனைக் கடை வைத்திருப்பவர். பிள்ளைகள் இப்போது அதைத்தான் எழுதுகிறார்கள், பெரியவர்கள்தான் கவனிப்பதில்லை என்று அவருக்கு ஒரு கவலை. நடுவர்கள் மூன்று பேர். நான், பாண்டிருப்பில் புவியியல் படிப்பிக்கும் யதுசா டீச்சர், காரைதீவு கேதீஸ்வரன் ஐயா. ஐயா நீர்ப்பாசன வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கதையிலும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கிற மனிதர்.

மீராசா காக்கா இரண்டு விதி போட்டார். முதலாவது, எழுதியவர் யாரென்று நடுவருக்குத் தெரியக்கூடாது. வந்த பதினொரு நாவலுக்கும் அட்டையைக் கழற்றி, முன்பக்கங்களைக் கிழித்து, பக்கத் தலைப்பில் பெயர் இருந்தால் அதற்கும் கறுப்பு மை பூசி, பள்ளிக் கொப்பி மாதிரி பிரவுண் பேப்பர் உறை போட்டு இலக்கம் எழுதினார். வாழ்த்துரையும் அணிந்துரையும் போனதில் மூன்றாம் இலக்கம் பாதியாக மெலிந்துவிட்டது. இரண்டாவது விதி, ஒவ்வொரு நாவலுக்கும் ஒவ்வொரு நடுவரும் ஒரு குறிப்புத் தாள் எழுதி ஒப்பம் வைக்க வேண்டும். முடிவு வரும்போது அந்தத் தாள்கள் எழுத்தாளருக்குப் போய்ச் சேரும். இதைக் கேட்டதும் நான் தலையாட்டினேன். அப்போது அது ஒரு நல்ல யோசனையாகவே பட்டது.

நடுவர் என்றால் வாசிக்காமல் தப்ப வழியில்லை. வாசித்தேன். சொன்னால் நம்புங்கள், ஆறு கிழமைகளில் என் பொறுமை தேய்ந்து போய்விட்டது. இரண்டாம் இலக்கத்தில் இருபத்தேழு பறக்கும் பாம்புகள். எல்லாவற்றுக்கும் பெயர், ஒன்றுக்கும் வேலையில்லை. ஐந்தாம் இலக்கத்தின் வீரன் பனிமலையில் குதிரை விடுகிறான். எழுதியவர் பனியை ஐஸ்கிறீம் பெட்டியில்தான் கண்டிருப்பார். ஒன்பதாம் இலக்கத்தில் இளவரசியின் கண்ணை மட்டும் பதினான்கு தடவை வருணித்திருந்தார்கள். அவளுக்கு மூக்கு உண்டா என்று கடைசிவரை தெரியவில்லை.

ஏழாம் இலக்கம் வேறு மாதிரி. குளம் ஒன்று, அதற்கு அடியில் ஒரு நகரம். கோடையில் தண்ணீர் வற்றும்போது நகரத்தின் வாசல் திறக்கும். உள்ளே போகிறவர் தன் நிழலைக் குளக்கட்டில் இருக்கும் காவல்காரனிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மாரி மழைக்கு முன் வெளியே வந்துவிட வேண்டும். காணாமல் போன தாத்தாவைத் தேடித் தங்கை மைமூன் அதற்குள் இறங்குகிறாள். எங்கள் பக்கத்தில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. இது யோசனையாக அருமையாக இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. நிழலைக் கொடுத்துவிட்டு வந்தவளுக்கு நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில் சுவரில் நிழல் விழுகிறது, அந்த நிழலைக் கண்டுதான் காவலர்கள் அவளைப் பிடிக்கிறார்கள். நகரத்தின் சந்தைக்குள் நாற்பது பக்கம் சும்மா சுற்றுகிறோம். எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்கள், வண்டிக்காரனும் அரசியும்கூட. நல்ல சோற்றில் கல் கிடந்தால் வருகிற எரிச்சல், மட்டமான சோற்றில் கிடந்தால் வராது.

ஆனால் முடிவை நான் பஸ்ஸில் இருந்து வாசித்தேன். தாத்தா வர மறுக்கிறாள். தண்ணீர் ஏறுகிறது. மைமூன் மட்டும் கட்டுக்கு வந்து சேர்கிறாள். காவல்காரன் அவளுடைய நிழலைத் திருப்பிக் கொடுக்க, அவள் தாத்தாவின் நிழலையும் கேட்டு வாங்குகிறாள். அன்றிலிருந்து இரண்டு நிழலோடு ஊருக்குள் நடக்கிறாள். புத்தகத்தை மூடிவிட்டுத் தலை நிமிர்த்தினால் பஸ் அட்டாளைச்சேனையில் நின்றது. நான் இறங்க வேண்டியது நிந்தவூரில். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இறங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

குறிப்புத் தாளில் இரண்டு கட்டங்கள், நிறைகள் என்று ஒன்று, குறைகள் என்று ஒன்று. நான் புகழ்ச்சியை மேடையில் அள்ளி இறைப்பவன், தாளில் கஞ்சன். நிறைகளில் "நல்ல கற்பனை" என்று இரண்டு சொல் எழுதினேன். குறைகளுக்கு இடம் போதாமல் மறுபக்கமும் போனேன். பக்க இலக்கம் போட்டுப் பதினான்கு குறை. கடைசியில், "எழுதியவர் தன் கதையைத் தானே இரண்டாம் தடவை வாசித்துப் பார்க்கவில்லை என்று தெரிகிறது" என்று ஒரு வரி. ஒப்பம், திகதி. நூற்றுக்கு ஐம்பத்துநான்கு.

முடிவுக் கூட்டம் மீராசா காக்காவின் கடை மேல்மாடியில் நடந்தது. ஏழாம் இலக்கத்துக்கு யதுசா டீச்சர் எழுபத்தாறு போட்டிருந்தார், கேதீஸ்வரன் ஐயா எண்பத்தொன்று. என் புள்ளியோடு கூட்டினால் அது மூன்றாம் இடத்துக்கு மூன்று புள்ளி குறைந்து நாலாவதாக நின்றது. பரிசு முதல் மூன்றுக்குத்தான்.

"தம்பி, நீங்க கைய நல்லா இறுக்கிட்டீங்க," என்றார் ஐயா. "கதையில வாற மதகு அப்பிடித் திறக்காது, அது வேற விசயம். ஆனா குளத்துக் கட்டில நடந்து பழகின ஆள்தான் இத எழுதியிருக்கு. இது நம்மட பக்கத்துச் சாகாமக் குளம், நான் அடிச்சுச் சொல்லுவன்."

"குளம் சரி ஐயா, நிழல் சரியில்லையே," என்று நான் பிடித்துக்கொண்டேன். அரை மணித்தியாலம் வாதாடினேன். நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தை விரித்து வாசித்துக் காட்டினேன். சந்தைக்குள் நாற்பது பக்கம் அலைந்ததைச் சொன்னேன். இப்படிப் பிழை விடுகிறவருக்குப் பரிசு கொடுத்தால் நாளைக்கு யாரும் கவனமாக எழுதமாட்டார்கள் என்றும் சொன்னேன். கடைசியில் ஐயா, "சரி, புள்ளி எண்டாப் புள்ளிதான்" என்றார். மூவரும் புள்ளித் தாளில் ஒப்பம் வைத்தோம். அதற்குப் பிறகுதான் மீராசா காக்கா பெயர்ப் பட்டியல் இருந்த கடித உறையைக் கிழித்தார்.

"ஏழாம் இலக்கம், குளத்தடி நகரம். எழுதினது ஸம்றா, நிந்தவூர்," என்று வாசித்தார். பிறகு கழற்றி வைத்திருந்த அட்டைகளில் அதைத் தேடி எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முகம் ஒரு மாதிரியானது. "றிபாத் சேர், இதுல உங்கட பேரும் இரிக்கே?"

பின்னட்டையில் என் படம், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் என் வாசகம். "கற்பனை மண்ணில் வேர்விட்டு விண்ணில் கிளை பரப்புகிறது. தமிழ் மாயப் புனைவில் இது ஒரு மைல்கல். கதாநாயகியின் அஞ்சாமை நம் பெண்களுக்கு ஒரு பாடம்." இரண்டு வருஷத்துக்கு முன் நிந்தவூரில் இந்தப் புத்தகத்தின் வெளியீட்டில் நயவுரை சொன்னது நானேதான். அதையே இரண்டாம் பதிப்பில் அச்சடித்துவிட்டார்கள். புத்தகத்தைக் கையில் ஏந்திப் படம் எடுத்த மனிதன், அதன் கதையை ஆறு கிழமையாக வாசித்தும் அடையாளம் காணவில்லை. எப்படிக் காண்பான்?

கேதீஸ்வரன் ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அவர் சிரிப்பில் விஷமில்லை, அதனால்தான் எனக்குக் காது சுட்டது. "அப்ப இதத்தான் முதல் தரமா வாசிச்சீங்களோ?" என்று கேட்டார். யதுசா டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பஸாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் இருவரும் போன பிறகு மீராசா காக்கா குரலைத் தாழ்த்தினார். "புள்ளிய ஒண்டும் செய்ய ஏலா. தாள் என்ட கையிலதான் இரிக்கு. நாளைக்குத்தான் அனுப்பப் போறன். வேற ஒண்டு எழுதித் தாங்க. அந்தப் புள்ள ரெண்டாம் பாகமும் எழுதி முடிச்சிட்டாவாம். இதக் கண்டா பேனையே தொடமாட்டா."

நான் மறுக்கவில்லை. நயவுரை வீடியோ முகநூலில் இன்னும் கிடக்கிறது. இந்தத் தாளின் படத்தை அதற்குப் பக்கத்தில் யாராவது போட்டால் பன்னிரண்டு வருஷத்துப் பெயர் ஒரு நாளில் நாறும். மூன்று பங்கில் இரண்டு பங்கு அந்தப் பயம். அந்தப் பிள்ளையை நினைத்து வந்த இரக்கம் ஒரு பங்குதான். கடைக் கவுண்டரில் நின்றபடியே புதுத் தாள் எழுதினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, கை தானாகவே ஓடியது. கற்பனை, மண், விண், மொழிவளம், எதிர்காலம். குறைகள் என்ற கட்டத்தில் "சிற்சில அச்சுப் பிழைகள்" என்று போட்டேன். பழைய தாளைக் காக்கா என்னிடமே நீட்டினார். "நான் கிழிக்கமாட்டன். நீங்களே கிழிங்க," என்றார். நானும் கிழிக்கவில்லை. ஏனென்று தெரியாது. மடித்து என் தோற்பைக்குள் வைத்தேன்.

பரிசளிப்பு ஒரு சனிக்கிழமை காலையில். பொன்னாடைகள், முதலாம் இடக்காரரின் வாப்பா சொன்ன நீண்ட நன்றியுரை, பற்றீசும் தேத்தண்ணியும். எல்லாம் முடிந்து மண்டப விறாந்தையில் கை கழுவிக்கொண்டு நின்றேன். இருபத்தெட்டு வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் வந்து ஸலாம் சொன்னார். கையில் மூன்று தாள்கள். இரண்டு வருஷத்துக்கு முன் மேடையில் எனக்குப் பக்கத்தில் இருந்த முகம், இந்தத் தடவை உடனே அடையாளம் தெரிந்தது.

"நான் ஸம்றா, சேர். ஒண்டு கேக்கணும். கோவிக்கப்படாது."

"கேளுங்க தங்கச்சி."

"இந்த முறையும் நீங்க வாசிக்கல்லியா?"

என் வாய்க்குள் பற்றீஸ் துண்டு ஒன்று மிச்சமிருந்தது. அதை விழுங்க நேரமெடுத்தது.

"வெளியீட்டில நீங்க கதைச்சத ஒரு சொல்லும் விடாமக் கேட்டன் சேர்," என்றார். குரலில் சண்டை இல்லை. மருந்துக் கடையில் வேலை செய்கிறவர், சீட்டு வாசிக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். "மைமூன்ட அஞ்சாமை எண்டு சொன்னீங்க. மைமூன் பயந்தாங்கொள்ளி சேர். முழுக்கதையும் அவட பயம்தான். அண்டைக்கே எனக்கு விளங்கிட்டு. வாப்பாட கூட்டாளிமார் எல்லாம் கை தட்டினாங்க, நானும் சிரிச்சிட்டு இரிந்தன்."

"பின்ன ஏன் பின்னட்டையில போட்டீங்க?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் நான்தான் கேள்வி கேட்கிறேன், பாருங்கள்.

"அது வாப்பாட ஆசை. உங்கட பேரைப் பாத்துத்தான் சனம் வாங்கும் எண்டார். வாங்கினாங்கதான். ஒராளும் வாசிக்கல்ல. சேரே சொல்லிட்டார், பிறகு என்னத்துக்கு வாசிக்கிற எண்டு நினைச்சாங்களோ தெரியா. ஒரு கேள்விகூட வரல்ல சேர். ரெண்டாம் பாகம் எழுதி முடிச்சு மேசையில கிடக்கு. அச்சடிக்கிறதா விடுறதா எண்டு தெரியல்ல. அப்பதான் இந்தப் போட்டி வந்திச்சு. நடுவர்ல உங்கட பேர். குறிப்பு எழுதி ஒப்பம் வைக்கணும் எண்டும் போட்டிரிந்திச்சு. அப்ப கட்டாயம் வாசிப்பீங்க எண்டுதான் அனுப்பினன். பரிசுக்கு இல்ல." கையிலிருந்த தாள்களைப் பிரித்துக் காட்டினார். "கேதீஸ்வரன் ஐயா மதகப் பத்தியே ஒன்றரைப் பக்கம் எழுதிரிக்கார். டீச்சர் நகரத்துக்கு வரைபடம் ஒண்டு கீறிக் கேள்வி கேட்டிரிக்கா. நீங்க மறுவாட்டியும் மண்ணுல வேர் விட்டிரிக்கீங்க."

வெட்கம் என்றால் என்னவென்று அந்த விறாந்தையில்தான் எனக்குத் தெரிய வந்தது. வகுப்பில் பிள்ளைகள் பார்த்தெழுதினால் காதைத் திருகுகிற ஆள் நான். தோற்பையைத் திறந்து மடித்த தாளை எடுத்துக் கொடுத்தேன்.

ஸம்றா அதைத் தூணோடு சாய்ந்து நின்று வாசித்தார். ஒரு பக்கம், பிறகு மறுபக்கம், பிறகு மீண்டும் முதற்பக்கம். மைக்காரர்கள் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவை அவருடைய உதடு இறுகியதைக் கண்டேன், அந்தக் கடைசி வரியாக இருக்கும்.

"நூற்றுப்பன்னிரண்டு," என்றார். "ஓம். நிழல் விழப்படாதுதான். அல்லாவே, இத்தின தரம் வாசிச்சும் எனக்கு விளங்கல்லியே." பிறகு என்னைப் பார்த்தார். "இத ஏன் அனுப்பல்ல?"

"உங்கட மனசு நோகும் எண்டு," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் அன்றைக்கு முடியவில்லை. "என்ட பேர் கெட்டிரும் எண்டும்தான்."

"நோகத்தான் செய்யுது," என்றார். கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. "எண்டாலும் இது என்ட புத்தகத்தப் பத்தினது. மத்தத யாருக்கும் எழுதலாம்." சந்தைப் பக்கங்களை வெட்டலாம் என்றும், வண்டிக்காரனின் பேச்சை மாற்ற வேண்டும் என்றும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ரெண்டாம் பாகத்திலும் இதே பிழைகள் இருக்கும், அதைத் திருத்தாமல் அடிக்க முடியாது என்றார். அடிக்கிறதா விடுறதா என்ற பேச்சு அதில் இல்லை. எனக்கு மூச்சு வந்தது.

தாளை மீண்டும் திருப்பிப் பார்த்தவர் கேட்டார். "முடிவப் பத்தி ஒண்டும் இல்லியே சேர்?"

"முடிவு நல்லம்," என்றேன். போதாது என்று பட்டது. "சும்மா சொல்லல்ல தங்கச்சி. இந்தப் பதினொண்டிலயும் அப்பிடி ஒரு முடிவு இல்ல. ரெண்டு நிழலோட அவ நடக்கிற இடத்த பஸ்ஸில இரிந்து வாசிச்சன். இறங்கிற இடத்தையும் விட்டிட்டு அட்டாளைச்சேனைக்குப் போயிட்டன். எனக்கு அழுகை வந்திட்டு."

ஸம்றா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கடையில் ஒருவர் நீட்டுகிற பழைய நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"குறை எழுதினத நம்புறன் சேர்," என்றார், கோபமில்லாமல். "இத நம்ப ஏலா. நீங்க எல்லாருக்கும் இப்பிடித்தானே சொல்லுவீங்க."

நான் மறித்து ஏதோ சொல்லப் பார்த்தேன். எந்தச் சொல்லை எடுத்தாலும் அது ஏற்கனவே யாருக்கோ எங்கேயோ சொன்ன சொல்லாக இருந்தது. அவர் ஸலாம் சொல்லிவிட்டுப் படியிறங்கி, நிந்தவூர்ப் பக்கம் போகிற பஸ்ஸுக்கு வீதியைக் கடந்தார். பன்னிரண்டு வருஷத்தில் ஓர் எழுத்தாளரிடம் நான் மனசாரச் சொன்ன ஒரேயொரு புகழ்ச்சி அதுதான், அவர் அதை எடுத்துக்கொண்டு போகவில்லை.